பின்பக்கத்து புஷ்ஷும் என் முதுகெலும்பும்

வாழ்க்கையில் ஒரே ஒரு முடிவையாவது நானே தனியாக எடுப்பது என்று, கல்யாணமாகிப் பதினோராவது வருஷத்தில், ஒரு திங்கட்கிழமை காலை ஷேவ் பண்ணிக்கொண்டே தீர்மானித்தேன்.

பெரிய முடிவுகளைச் சொல்லவில்லை. சுவருக்கு என்ன நிறம், எந்தப் பல் டாக்டர், நான் மீசை வைப்பதா எடுப்பதா என்பதையெல்லாம் ஒரு கமிட்டி பார்த்துக்கொள்கிறது. கமிட்டியில் ஒரே ஒரு உறுப்பினர்தான், என் மனைவி. தீர்மானங்கள் எப்போதும் ஏகமனதாக நிறைவேறும். நான் கேட்டது இத்துனூண்டு: என் காரின் பின்பக்க சஸ்பென்ஷனுக்கு எந்த புஷ் வளையம் போடுவது என்பதை நான் முடிவு செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு. பின்சீட் என்று ஒன்று உண்டு. அதில் ஒரு குடையைப் படுக்கவைக்கலாம், அதுவும் மடக்குக் குடையாக இருந்தால். வண்டி தரையோடு தரையாக இருக்கும். அதில் ஏற முடியாது, விழத்தான் வேண்டும். இறங்கவும் முடியாது, தவழ்ந்து வெளியே வரவேண்டும். இந்த மாதிரி வண்டி வைத்திருக்கும் மற்றவர்கள் உறை போட்டு மூடி வைத்து, லீவு நாளில் மட்டும் வெளியே எடுப்பார்கள். நான் தினமும் ஓட்டுகிறேன். காலை எட்டேகாலுக்கு மனைவியை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, எட்டரைக்கு என் ஆபீஸ் வாசலில் தவழ்வேன்.

மனைவி அந்த ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். முட்டி, முதுகு, தோள் எதுவானாலும் ஒற்றைக் கட்டைவிரலை வைத்து அழுத்துவாள். பயில்வான்கள் 'அம்மா' என்பார்கள். நான் லிஃப்ட் கம்பெனியில் புகார்ப் பிரிவு. "சார், லிஃப்ட்ல டொக்குன்னு சத்தம் வருது" என்பார்கள். "அது நார்மல்தான்" என்பேன். பதினாறு வருஷமாக இதுதான் உத்தியோகம்.

அவளுக்கு டிரைவிங் லைசென்ஸ் உண்டு. எனக்கு முன்னாலேயே வாங்கியவள். ஆனால் இந்த வண்டியின் சாவியை மட்டும் நான் கொடுத்ததில்லை. "இது பின்சக்கரம் தள்ளுற வண்டி. கை பழகணும்" என்பேன். "பழகறதுக்கு சாவி வேணுமே?" என்பாள். "பழகினப்புறம் தர்றேன்" என்பேன். இந்த ஒரு விஷயத்தில் நான் மலை மாதிரி நின்றேன் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

நான் தீர்மானம் எடுத்ததற்கு முந்தின திங்கட்கிழமைதான் பிரச்சினை ஆரம்பித்தது.

"ஏங்க, பின்னாடி டொக்குன்னு சத்தம் வருதே?"

"அது நார்மல்தான்."

"வேகத்தடையில ஏறி இறங்கும்போதெல்லாம் வருது."

"தடைன்னு வந்தா யார்தான் சத்தம் போடாம இருப்பாங்க?"

"வளைவுல திரும்பினா பின்பக்கம் தனியா ஆடுது."

"ஸ்போர்ட்ஸ் கார் இல்லியா? விளையாட்டுப் புத்தி. கொஞ்சம் ஆடும்."

"மூட்டு தேஞ்சிருக்குங்க. எங்கிட்ட வர்ற பேஷண்ட் எல்லாம் இப்படித்தான் ஆடி ஆடி வருவாங்க."

காரைப் போய் பேஷண்ட் என்கிறாளே என்று சிரித்தேன். அடுத்த வேகத்தடையில் டொக்கோடு சேர்ந்து ஒரு 'கடக்'கும் வந்தது. சிரிப்பு நின்றது.

சனிக்கிழமை மெக்கானிக்கிடம் போனோம். நட்டு என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். வேலை செய்யும்போது வாயில் ஒரு நட்டைக் கவ்விக்கொண்டிருப்பார். அதனாலேயே குறைவாகப் பேசுவார். வண்டியை ஜாக்கியில் தூக்கி, பின்சக்கரத்துக்குக் கீழே விளக்கைப் பிடித்தார். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கை ஒன்று வண்டியின் அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில் ஒரு வளையம். வளையத்துக்குள் கறுப்பாக, வாய் பிளந்து, பஞ்சுபோல் ஏதோ தொங்கியது.

"புஷ்" என்றார் நட்டு.

"என்ன ஆச்சு?"

"புஸ்."

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஓ! இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல ரப்பர். எலும்புக்கு நடுவுல ஜவ்வு மாதிரி. ஜவ்வு தேஞ்சா எலும்போட எலும்பு இடிக்கும். அதான் டொக்."

நட்டு வாயிலிருந்த நட்டை எடுத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. "இருபது வருஷமா இதை யாருக்கும் என்னால புரியவைக்க முடியல மேடம்" என்றார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. வண்டி என்னுடையது, புரிதல் அவளுடையதாகிவிட்டது.

"என்ன புஷ் போடலாம்?" என்று கேட்டேன், கொஞ்சம் கனமான குரலில்.

நட்டு சொன்னார். ரப்பர் இருக்கிறது, கம்பெனியில் வந்த மாதிரியே. மெத்தென்று இருக்கும், சத்தம் வராது, ஆனால் காலப்போக்கில் தேயும். அடுத்தது பாலியூரித்தேன்; கெட்டி, வளைவில் வண்டி அசையாது, சீக்கிரம் தேயாது, ஆனால் குலுக்கும், கிரீஸ் வறண்டால் கீச்சிடும். அதற்கும் மேலே இரும்பு உருண்டை. அது பந்தய வண்டிக்கு. "ரோட்டுல ஓட்டுற வண்டிக்கு அதை நான் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நட்டைத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவி யோசித்துக்கொண்டே வந்தாள்.

"அது என்னங்க, பாலி... உரித்தேனா? யாரை உரிச்சார்?"

"பாலியூரித்தேன். ஒரு வகை பிளாஸ்டிக்."

"பேர்ல பாலும் இருக்கு, தேனும் இருக்கு. ஆனா குலுக்கும்ங்கறார்."

"குலுக்கல் இல்ல அது. ரோடு நம்மகூட பேசறது. அதை நான் கேக்கணும்."

"வீட்டுல பேசறதையே கேக்க மாட்டீங்க. ரோடு பேசறதைக் கேக்கப் போறீங்களா?"

வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கும்போது, "சஸ்பென்ஷன் போச்சுன்னா சும்மாவா? நல்லா யோசிச்சுத்தான் முடிவெடுக்கணும்" என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு ரிடையர்ட் தலைமையாசிரியர் காதில் அது விழுந்தது. சாயங்காலம் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தார்.

"தம்பி, கேள்விப்பட்டேன். மனசைத் தளரவிடாதீங்க. எனக்கும் சர்வீஸ்ல ஒரு தடவை சஸ்பென்ஷன் ஆச்சு."

"எனக்கு இல்ல சார், வண்டிக்கு."

"அடப்பாவமே! வண்டியையும் பிடுங்கிட்டாங்களா?"

"இல்ல சார். பின்பக்கம் மட்டும்தான். நட்டு பாத்துக்கறேன்னிருக்கார்."

"பின்பக்க வழியெல்லாம் வேணாம் தம்பி. எந்த நட்டுவையும் நம்பாதீங்க. நேர்வழியிலயே போங்க."

என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே மனைவி தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் நான் ஆராய்ச்சி செய்தேன். இணையத்தில் ஒரு மன்றம் இருக்கிறது. என் மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் நாற்பது பேர் அதில் புஷ்ஷைத் தவிர வேறெதையும் பேசுவதில்லை. 'கெட்டி புஷ் போட்ட பிறகுதான் நான் உண்மையிலேயே ஓட்ட ஆரம்பித்தேன்' என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் கண் கலங்கிவிட்டது. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு அட்டவணை ஒட்டினேன். கண்ணில் பட்டதையெல்லாம் அமுக்கிக் கெட்டித்தனம் பார்த்தேன்: பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச், அழிரப்பர், செருப்பின் குதிகால், என் காதுமடல்.

"மூணு நிறத்துல வருது" என்று ஒரு நாள் காலை விளக்கினேன். "மஞ்சள் கொஞ்சம் மெத்து. நீலம் நடுத்தரம். கறுப்பு ஷோர் தொண்ணூத்தஞ்சு."

"ஷூரா?"

"ஷூர் இல்ல, ஷோர். கெட்டித்தனத்தோட அளவு."

"அதான் ஷூரான்னு கேக்கறேன்."

"ஷோர்னுதான் சொல்றேன்!"

"உங்களுக்கே ஷூரா இல்லைன்னா எதுக்குங்க அதைப் போடணும்? தினமும் ஆபீஸ் போற வண்டி. பேசாம ரப்பரையே போடுங்க. இடுப்பு தாங்காது."

"என் இடுப்பைப் பத்தி எனக்குத் தெரியும்."

அவள் என் இடுப்பைப் பார்த்தாள். பிறகு என் வயிற்றைப் பார்த்தாள். ஈரத் துணியைக் காயப்போடப் போனாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. துணி காயப்போட்டுத் திரும்பி வந்தவள் சொன்னது எனக்குப் பிடிபடவும் இல்லை.

"யோசிச்சுப் பாத்தேங்க. உங்க வண்டி, உங்க முடிவு. இருக்கறதுலயே கெட்டியானதைப் போடுங்க."

"நிஜமாவா?"

"ஆமா. அந்தக் கறுப்பு. போடறதுன்னு ஆயிடுச்சு, அரைகுறையா எதுக்கு?"

பதினோரு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்ததில்லை. புத்திசாலியாக இருந்திருந்தால் அங்கேயே நிறுத்தி யோசித்திருப்பேன். நானோ அவளுக்கு என் மேல் மதிப்பு வந்துவிட்டது என்று நினைத்து, நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு நட்டுவுக்கு போன் பண்ணினேன். "கறுப்பு" என்றேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் நட்டு உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை மாட்டினார். வண்டியை எடுத்தேன். முதல் வளைவில் திருப்பினேன். ஆஹா! வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் போனது. பின்பக்கம் இம்மிகூட ஆடவில்லை. நானும் மன்றத்து ஆசாமி சொன்ன மாதிரி உண்மையிலேயே ஓட்ட ஆரம்பித்தேன்.

வளைவு முடிந்து நேர் ரோடு வந்தது.

வாசகர்களே, ரோடு பேசும் என்று சொன்னேன் அல்லவா? பேசவில்லை. கத்தியது. ஒவ்வொரு கூழாங்கல்லும் தன் பெயர், தகப்பன் பெயர், விலாசம் எல்லாம் சொல்லிவிட்டுப் போனது. ஒரு நாணயத்தின் மேல் ஏறினேன்; பூவா தலையா என்று என்னால் சொல்ல முடிந்தது. மூக்குக்கண்ணாடி மூக்கிலிருந்து உதட்டுக்கு இறங்கியது. பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்னால் வந்த ஒரு லாரி மூன்றாகத் தெரிந்து, மூன்றுக்கும் பயந்து ஒதுங்கினேன். வேகத்தடையில் ஏறியபோது நான் ஒரு வார்த்தை சொன்னேன். இங்கே எழுத முடியாது. அது வெளியே வரும்போது நாலு துண்டாக வந்ததால் யாருக்கும் புரிந்திருக்காது.

திங்கட்கிழமை மனைவி பக்கத்தில் விழுந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி வரை கைப்பையை இறுக்கி அணைத்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது, "எப்படி இருக்கு?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"பிரமாதங்க. கல்லு மாதிரி இருக்கு."

"குலுக்கலையே?"

"உங்களுக்குக் குலுக்குதா என்ன?"

"எ-எ-எனக்கா? இல்லியே!" வண்டி நின்றுவிட்டது, குரல் இன்னும் நிற்கவில்லை.

முடிவு என்னுடையது. எப்படி ஒத்துக்கொள்வது? பத்து நாள் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். ஆபீசில் போனை எடுத்து, "லிஃப்ட் குலுங்குதா? நீங்க குடுத்துவெச்சவங்க" என்று ஒரு அம்மாளிடம் சொல்லிவிட்டு மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பதினோராவது நாள் காரிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நிமிர முடியவில்லை.

"ஏங்க வளைஞ்சு நிக்கறீங்க?" என்றாள் வாசலில் மனைவி.

"ஒரு சாவி கீழ விழுந்துச்சு."

"கையிலதான் இருக்கு."

"இப்பதான் கிடைச்சுது."

அவள் பின்னால் வந்து கட்டைவிரலை என் இடுப்பில் ஓரிடத்தில் வைத்தாள். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுத் தலைமையாசிரியர், வேலையே போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார்.

"தசைப்பிடிப்பு" என்றாள். "ஆறு வாரத்துக்கு கார்லயே உட்காரக் கூடாது. ஆபீஸ் மூணு கிலோமீட்டர்தானே? நடங்க. நடந்தாதான் முதுகு இறுகாது. காலையில அரை மணி நேரம் நான் சொல்லித்தர்ற பயிற்சி."

உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? புஷ் தப்பு என்று ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. டாக்டர் உத்தரவு! ஆனாலும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். "அப்ப வண்டி? சும்மா நின்னா பேட்டரி போயிடுமே."

"என்ன பண்றது?" அவளும் பெருமூச்சு விட்டாள். "வேணும்னா, கஷ்டத்தைப் பாக்காம, நான் ஓட்டிட்டுப் போறேன்."

சாவியைக் கொடுத்தேன். மலை மாதிரி நின்றவன்தான். வளைந்துபோன மலை. மேலும், ஒரு ரகசியம்: இரண்டே நாளில் அவளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவாள், 'புஷ்ஷை மாத்திடலாங்க' என்று அவள் வாயாலேயே சொல்வாள், நான் பெருந்தன்மையாக 'உனக்காக' என்று மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

இரண்டு நாள் ஆயிற்று. பத்து நாள் ஆயிற்று. காலையில் பூப்போல் கிளம்பிப் போனாள். சாயங்காலம் அதே பூ அதே வாட்டத்தோடு, அதாவது வாட்டமே இல்லாமல், திரும்பி வந்தது.

"குலுக்குதா?" என்று தினமும் கேட்டேன்.

"கொஞ்சங்கூட இல்லைங்க."

"நெஜமா சொல்லு."

"நெஜமாங்க. தொட்டில் மாதிரி இருக்கு. நீங்க ஆராய்ச்சி பண்ணினது வீண்போகல."

பெண்களின் முதுகெலும்பே தனி என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். காலை மூன்று, மாலை மூன்று கிலோமீட்டர். முதல் வாரம் மூச்சு வாங்கியது. மூன்றாவது வாரம் முதுகு வலி போனது. ஐந்தாவது வாரம் பெல்ட்டுக்குப் புதிதாக ஒரு ஓட்டை போட்டேன். ஆறாவது வாரம், இனி வண்டி திரும்ப என் கைக்கு வரப்போகிறது என்ற சந்தோஷமும், அந்தக் குலுக்கல் என் இடுப்புக்கு வரப்போகிறது என்ற திகிலும் ஒரே நேரத்தில் பிடித்தன. ஆபீஸ் விட்டதும் நேராக நட்டுவின் பட்டறைக்கு நடந்தேன்.

"அண்ணே, நமக்குள்ள இருக்கட்டும். அந்தக் கறுப்பைக் கழட்டிட்டு ரப்பர் புஷ் போடணும். வீட்டுல தெரியக் கூடாது."

நட்டு என்னைப் பார்த்தார். வாயிலிருந்து நட்டை எடுத்தார்.

"ரப்பர்தான் சார் இருக்கு."

"எங்க?"

"உங்க வண்டியில. மேடம் அன்னைக்கே மாத்திட்டாங்களே."

"என்னைக்கு?"

"நீங்க நடக்க ஆரம்பிச்சீங்கல்ல, அன்னைக்குக் காலையில. ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டுட்டு பத்து மணிக்கெல்லாம் வந்துட்டாங்க."

"அன்னைக்கே உங்ககிட்ட ரப்பர் புஷ் எப்படி இருந்துச்சு?"

"மேடம் முன்னாடியே சொல்லிவெச்சிருந்தாங்க சார். நீங்க கறுப்பு வேணும்னு போன் பண்ணீங்களே, அதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி. 'அவர் ஒண்ணு கேப்பார், போட்டுக் குடுங்க. நான் ஒண்ணு சொல்றேன், எடுத்து வைங்க'ன்னாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"வாயில நட்டு இருந்துச்சு சார்."

பட்டறைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க, கீழே கறுப்பாக ஒன்றை முட்டுக்கொடுத்திருந்தார். ஷோர் தொண்ணூற்றைந்து. அசையவே இல்லை.

வீட்டுக்குப் போனபோது அவள் காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னை ஏமாத்திட்டே!"

"எதுலங்க?"

"எல்லாத்துலயும்!"

"கெட்டியா வேணும்னீங்க, போட்டுக்கோங்கன்னேன். முதுகு வலிச்சுது, வைத்தியம் பண்ணேன். குலுக்குதான்னு கேட்டீங்க, இல்லைன்னேன். இதுல பொய் எது?"

யோசித்துப் பார்த்தேன். எல்லாம் சத்தியம். பொய் சொன்னவன் நான் ஒருத்தன்தான்.

"ரப்பர்தான் சரின்னு ஒத்துக்கறேன்" என்றேன். "முதுகும் சரியாயிடுச்சு. சாவி குடு."

"தாராளமா" என்று உடனே நீட்டினாள். ஏறி, அதாவது விழுந்து, ஒரு சுற்று போய் வந்தேன். வேகத்தடை வந்தது, வந்ததே தெரியவில்லை. டொக் இல்லை, கடக் இல்லை, கீச் இல்லை. வளைவிலும் பின்பக்கம் சமர்த்தாகத் திரும்பியது. இவ்வளவு சுகமாக இந்த வண்டி ஒரு நாளும் ஓடியதில்லை. திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சண்டை எதுக்குங்க? ஆளுக்குப் பாதி வெச்சுக்கலாம்" என்றாள். "வண்டி உங்க பேர்லயே இருக்கட்டும்."

பாதி! நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். "எந்தெந்த நாள் எனக்கு?"

"லீவு நாள் பூரா உங்களுக்கு. எந்தத் தொந்தரவும் இல்லாம நிதானமா கழுவி, துடைச்சு, காத்தடிச்சு வைக்கலாம். வேலை நாள் மட்டும் எனக்கு."

"வேலை நாள்ல நான் எப்படிப் போறது?"

"ஆறு வாரம் எப்படிப் போனீங்களோ அப்படித்தான். உங்க பேன்ட் எல்லாம் இப்பதான் உங்களுக்கு சரியா இருக்கு. எனக்கே பாக்க நல்லாயிருக்கு."

கடைசி வாக்கியத்தை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். மன்றத்து நாற்பது பேரும் எனக்கு ஒரே நொடியில் மறந்துபோனார்கள். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

இப்போதெல்லாம் காலையில் ரோட்டோரமாக நடந்து போகிறேன். பின்னால் என் கார் வருவது எனக்குக் கேட்பதே இல்லை, அவள் ஹார்ன் அடித்தால்தான் ஒதுங்குகிறேன்.